பூங்காவனத்தின் முகம்

பிரெஞ்சு சர்க்காரில் மருத்துவச்சியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் பாகூர், பிறகு நெடுங்காலம் வில்லியனூர். ஓய்வுக்குப் பின் தங்கை வீடு இங்கே இருப்பதால் மறுபடியும் பாகூருக்கே வந்துவிட்டேன். இப்போது படம் போடுகிறேன். கோலம் இல்லை, தாளில், வர்ணத்தில், மனிதர்களின் முகங்கள்.

பாகூர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் மருத்துவச்சி ரெஜினா என் படங்களைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: "புள்ளப்பேறு பாத்த கைக்கு இது எப்படிம்மா வந்துச்சி?" என்னிடம் வேலை பழகியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பத்து வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் பூங்காவனம் நினைவுக்கு வந்துவிட்டாள். அதனால் பத்து வரியில் முடியாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணவரை இழந்து ஒரு வருடத்தில் புதுச்சேரிக்குப் போய்ப் பிரசவ விடுதியில் சேர்ந்தேன். பிரெஞ்சு தட்டுத்தடுமாறி வந்தது. அழுதேன், பழகினேன், தேறினேன். ஆனால் அங்கே எங்களுக்குத் தலைமையாக இருந்த மதாம் எலேனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

மதாம் எலேன் உயரமானவர். நடந்தால் சத்தம் வராது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அப்போது நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்போம். கை கழுவுவதை அவர் முன்னால் செய்து காட்ட வேண்டும். நகத்தடியில் பிரஷ் போட்டு, விரல் இடுக்குகளைத் தேய்த்து, முழங்கை வரை சோப்பு நுரை ஏற்றி, காய்ச்சிய தண்ணீரில் அலம்பி, மருந்துத் தண்ணீரில் முக்கி, அதற்குப் பிறகு எதையும் தொடாமல் கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கை கீழே வரக்கூடாது. வந்தால் முதலிலிருந்து எல்லாம்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. நிறைமாதப் பெண்ணின் வயிற்றில் எங்கள் கைகளை வைக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம், கைகால் எங்கே மடங்கியிருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டு, வெளியே போய் சிலேட்டில் வரைந்து கொண்டுவர வேண்டும். வாயால் சொல்ல அனுமதி இல்லை. "வாய் பொய் சொல்லும். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசிவிடலாம். தெரியாததை வரைய முடியாது" என்பார். நான் முதலில் வரைந்தது குழந்தை மாதிரியே இல்லை. பூசணிக்காய் மாதிரி இருந்தது. மதாம் சிரிக்கவில்லை. சிலேட்டைத் துடைத்துத் திரும்பக் கையில் கொடுத்தார். சில மாதங்களில் உள்ளே இருப்பது கைக்குத் தெரிய ஆரம்பித்தது. படம் போடும் பழக்கத்துக்கு வேர் தேடினால் அந்த சிலேட்டில்தான் போய் முடியும் என்று நினைக்கிறேன்.

உத்தியோகத்தில் இருந்தவரை அதற்கெல்லாம் நேரமில்லை. ஓய்வு கிடைத்தபோது புதுச்சேரியில் ஒரு கடையில் வர்ணப் பெட்டி பார்த்தேன். சீமையிலிருந்து போர் தொடங்குவதற்கு முன் வந்த கடைசிச் சரக்கு. வாங்கிவந்து தங்கையை உட்கார வைத்து வரைந்தேன். பெட்டியில் மனிதத் தோலுக்கு என்று ஒரு வர்ணம் இருந்தது. ரோஜாப்பூ நிறம். பாகூர் வட்டாரத்தில் யாருக்கும் அந்தத் தோல் கிடையாது. காவிக்கல்லை அரைத்து, மஞ்சளும் துளி விளக்குக்கரியும் சேர்த்து, வேலம்பிசின் தண்ணீரில் குழைத்து எங்கள் ஊர்த் தோலை நானே உண்டாக்கிக்கொண்டேன். அதற்கே ஒரு கோடைகாலம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை என்கிற பெண் வந்தாள். ஏரிக்கு மேற்கே உள்ள கிராமம். கரும்பும் நெல்லும் பயிரிடும் கோவிந்தசாமியின் சம்சாரம். கூடவே ஒரு வளர்ந்த பெண். அந்தப் பெண் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"மருத்துவச்சியம்மா, என்னிய ஒங்களுக்குத் தெரியாது. நான் ரெண்டாந்தாரமா வந்தவ. இவ மூத்தவ பொண்ணு, தேவகி. இவ பொறந்தன்னிக்கி நீங்கதான் வந்து பாத்தீங்களாம்."

கோவிந்தசாமி என்கிற பெயர் எனக்கு உடனே பிடிபட்டது. தேவகியைப் பார்த்தேன். அகன்ற நெற்றி, அழுத்தமான உதடு. அப்படியே தகப்பன்.

"இவளுக்குக் கல்யாணம் முடிவாயிருக்குது. அதுக்கு மின்னாடி பூவாடைக்காரிக்குப் படைக்கணும் இல்ல? இவ அம்மாவுக்கு?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் படையல் அவளுக்குத்தான். கலசம் வைத்து, புதுப்புடவை சார்த்தி, பூச் சூட்டி, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து உத்தரவு கேட்பார்கள்.

"கலசத்துக்குப் பொடவ கட்டிடலாம். ஆனா இந்தப் பொண்ணு அவ அம்மா மூஞ்சியப் பாத்ததே இல்ல. போட்டோ கெடையாது. அம்மாவப் பெத்தவங்க காலராவுல போயிட்டாங்க. மாமன் சைகோன் போனவரு, சண்டையில தபாலே இல்ல. இவங்கப்பாவக் கேட்டா எழுந்து வெளிய போயிடறாரு. நீங்க மூஞ்சி வரையறீங்கன்னு சொன்னாங்க. அதான் இஸ்துகினு வந்தேன்."

"நான் அவளைப் பார்த்தது ஒரே ஒரு பகல்தானே, அஞ்சலை" என்றேன்.

"அந்த ஒரு பகலு இவளுக்கு இல்லியே" என்றாள் அவள்.

தேவகி அப்போதுதான் வாயைத் திறந்தாள். என்னைப் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "எங்கம்மா என்னியப் பாத்துதா? இல்ல, அதுக்கு மின்னாடியே செத்துட்டுதா?"

அஞ்சலை தணிந்த குரலில் சொன்னாள். "ஊருல தாய முழுங்குனவன்னு பேரு வச்சிட்டாங்கம்மா. வந்த ரெண்டு எடமும் அதுலதான் தட்டிப்போச்சி. இந்த எடம் நல்ல எடம், அதெல்லாம் பாக்கல. ஆனா இவ மனசுல அது கீதே."

அவர்களை உட்கார வைத்து அன்று நடந்ததைச் சொன்னேன். சில விஷயங்களை அந்தப் பெண்ணுக்காக விட்டுவிட்டேன். இங்கே, என் தொழிலில் இருப்பவர்களுக்காக, முழுதாகவே எழுதுகிறேன்.

ஐப்பசி அடைமழை. ஏரி நிரம்பி, உபரி வாய்க்கால் கரை புரண்டு கிடந்தது. காலையில் கோவிந்தசாமியே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போனார். அவர்கள் வீட்டு முன் இறங்கும்போது சேற்றில் வழுக்கி, மருந்துப் பையோடு உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். வலியில் கிடக்கும் பூங்காவனம், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"வலி எடுத்தவ சிரிக்கிறாளே" என்றேன் புடவையை உதறிக்கொண்டு.

"சிரிக்காம இன்னா பண்றது, கொடம் வுழுந்தாப்புல வுழுந்தீங்களே" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வலி வந்து முகம் சுருங்கிற்று. வலி போனதும் மறுபடி சிரித்தாள். இருபது வயதுகூட இருக்காது. நல்ல கறுப்பு. வலப்பக்கம் ஒரு பல் தூக்கலாக இருந்தது. அதை மறைக்க மேலுதட்டை இழுத்துக்கொண்டே சிரிப்பாள்.

பிரசவம் நல்லபடியாகவே ஆயிற்று. உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே பெண்குழந்தை, கணீரென்று அழுதுகொண்டு. கொடி அறுத்து, துடைத்து, பக்கத்தில் கிடத்தினேன்.

நஞ்சுக்கொடி வரவில்லை.

காத்திருந்தேன். மதாம் எலேன் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். கொடியைப் பிடித்து இழுக்காதே. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திரு. கருப்பை கெட்டிப்படுகிறதா, தளர்கிறதா என்று உள்ளங்கை சொல்லும். மாமியார் ஒரு தலைமுடிக் கற்றையைச் சுருட்டிக் கொண்டுவந்தாள். அதைத் தொண்டையில் விட்டுக் குமட்ட வைத்தால் நஞ்சு விழும் என்பது அவர்கள் வழக்கம். "வேணாம், பெரியம்மா" என்று வாங்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்கைக்கு அடியில் கருப்பை மாவு மாதிரி தளர ஆரம்பித்தது. ரத்தம் வந்தது. முதலில் விட்டுவிட்டு, பிறகு விடாமல்.

கோவிந்தசாமியைக் கூப்பிட்டு, உடனே போய்ப் புதுச்சேரியிலிருந்து டாக்டரை அழைத்துவரச் சொன்னேன். பாகூரில் அப்போது டாக்டர் கிடையாது. அவர் கேள்வி கேட்கவில்லை. வண்டியை விட்டுவிட்டு மழையில் ஓடியே போனார்.

டாக்டர் வரும்வரை அவள் தாங்கமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. கையை விட்டு நஞ்சைப் பிரித்தெடுப்பது டாக்டரின் வேலை. டாக்டர் இல்லாத இடத்தில், உயிர் போகும் நிலையில், மருத்துவச்சி செய்யலாம். பயிற்சியில் ஒருமுறை, மதாம் பக்கத்தில் நின்றிருக்க, செய்திருக்கிறேன். தனியாகச் செய்ததில்லை.

கையைக் கழுவினேன். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது முழுதாகக் கை கழுவுவது எவ்வளவு கடினம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் குறைத்தால், பிழைத்தவள் நாலு நாள் கழித்து ஜன்னி கண்டு போவாள். நகம், இடுக்கு, முழங்கை, காய்ச்சிய தண்ணீர், மருந்துத் தண்ணீர். கழுவிக்கொண்டே பேசினேன்.

"பூங்காவனம், உள்ள கைய வைக்கப் போறேன். நோவும். நகராம இரு."

"செய்யிங்க" என்றாள். "புள்ளயப் பாத்துகினு கெடக்கறேன்."

இடக்கையால் வயிற்றின்மேல் கருப்பையை அழுத்திப் பிடித்தேன். வலக்கை விரல்களைக் குவித்து, கொடியைத் தொடர்ந்து உள்ளே போனேன். நஞ்சின் விளிம்பு கிடைக்கும்வரை எதையும் பிய்க்கக் கூடாது. ஓரத்தில் ஏற்கெனவே பிரிந்த ஓர் இடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. அங்கிருந்து விரல்களின் பக்கவாட்டால், ஈரச் சுவரில் ஒட்டிய தாளை உரிப்பதுபோல மெல்ல மெல்லப் பிரித்தேன். கண்ணை மூடியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. முழுதும் கைக்குள் வந்ததும் வெளியே எடுத்து, தாம்பாளத்தில் விரித்துப் பார்த்தேன். ஒரு துண்டும் குறையவில்லை. கருப்பையைச் சுருக்கும் மருந்தைக் கொடுத்தேன். கருப்பை கையில் கெட்டிப்பட்டது. ரத்தம் நின்றது.

ஆனால் அதற்குள் போனது போய்விட்டது. போன ரத்தத்துக்கு ஈடாகக் கொடுக்க அப்போது எங்களிடம் ஒன்றும் இல்லை. கால்மாட்டை உயர்த்தினேன், கம்பளி போர்த்தினேன், உப்பும் வெல்லமும் கரைத்த வெந்நீரைக் கரண்டியால் புகட்டினேன். நாடி நூல் மாதிரி ஓடிற்று. அவளுக்கு நினைவு இருந்தது. குழந்தையை மார்பில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். குழந்தை வாய் வைத்துச் சப்பிற்று. அவள் அதன் தலையை முகர்ந்து பார்த்தாள். "என் மாதிரி கறுப்பு இல்ல" என்றாள். "அவரு மாதிரி."

பிறகு ஒன்று சொன்னாள். அதைப் பின்னால் எழுதுகிறேன். சாயங்காலம் ஆவதற்கு முன்னால் அவள் உயிர் போயிற்று. கோவிந்தசாமி அப்போதும் திரும்பியிருக்கவில்லை. வந்தபோது அவர் தனியாகத்தான் வந்தார். வாய்க்கால் உடைத்துக்கொண்டு சாலையை அறுத்துவிட்டது. தண்ணீர் வடியட்டும் என்று கரையில் நின்றிருந்திருக்கிறார். வடியவில்லை. அவள் சொன்னதை மாமியாரிடம் சொல்லி, மகனிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அடுத்த மாதமே எனக்கு வில்லியனூருக்கு மாற்றல் வந்துவிட்டது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த தேவகி, "பால் குடிச்சேனா?" என்று மட்டும் கேட்டாள்.

"குடிச்சே."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அஞ்சலை அவள் முதுகில் கையை வைத்தாள்.

படத்தைத் தொடங்கினேன். முதல் படத்தில் வந்தது சாயங்காலத்து முகம். உதடு வெளுத்து, கண் உள்ளே போய், எங்கேயோ பார்த்துக்கொண்டு. என் தொழில் எனக்கு அழுத்தமாகக் காட்டியிருந்தது அதைத்தான். முடித்த பிறகு பார்த்தேன். மகள் பார்க்க வேண்டிய முகம் அது இல்லை. அடுப்பில் போட்டுவிட்டேன். இரண்டாவதில் நெற்றியும் மூக்கும் சரியாக வந்தன என்று தோன்றியது. ஆனால் அது யாரோ ஒரு பெண். மூன்றாவதில் வாயை முதலில் வரைந்தேன். தூக்கிய பல், அதை மறைக்க இழுத்த மேலுதடு. வாய் வந்ததும் கண் தானாக வந்தது. சேற்றில் விழுந்தவளைப் பார்த்துச் சிரிக்கிற கண்.

அஞ்சலையின் நாத்தனார் ஒருத்தி வந்து பார்த்தாள். "இன்னாம்மா, இவ்ளோ கறுப்பாவா போடுவாங்க? சாமியாயிட்டவ. கொஞ்சம் செவப்பாப் போடுங்க. அந்தப் பல்லையும் எடுத்துடுங்க" என்றாள். முடியாது என்றேன். இரண்டு நாள் கோபித்துக்கொண்டிருந்தாள்.

படம் ஏறக்குறைய முடிந்திருந்தபோது ஒரு பகலில் கோவிந்தசாமி வந்தார். கையில் ஓலைக்கொட்டானில் வெல்லம். தலை நரைத்திருந்தது. வெல்லத்தைக் கீழே வைத்துவிட்டுப் படத்தின் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"படம் வேணாம்மா. ஆலை வேலை கெடக்குது, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். கலசம் வச்சிப் படைச்சாப் போதும்."

"பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பினார். அப்படியே நின்றார். நான் தூரிகையைக் கழுவுகிற மாதிரி வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மூக்குத்தி இந்தப் பக்கம் இல்ல" என்றார். "வலப்பக்கம்."

"மாத்திடறேன்."

படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "நான் நீந்தத் தெரிஞ்சவன்மா. சின்ன வயசுலேருந்து அந்த ஏரியில நீஞ்சினவன். அன்னிக்கி வாய்க்காலப் பாத்ததும் காலு எறங்கல. வடியட்டும், வடியட்டும்னு நின்னுகினே இருந்துட்டேன். எறங்கியிருந்தா டாக்டரு வந்திருப்பாரு. இந்தப் பொண்ணப் பாக்கறப்பல்லாம் அந்தக் கரையிலதான் நிக்கறேன். இன்னா சொல்லுவேன், ஒங்கம்மாவ நான் வுட்டுட்டேன்னா?"

பதில் சொல்வதற்கு முன் யோசித்தேன். ஆறுதலுக்காகப் பொய் சொல்வது எங்கள் தொழிலில் சுலபமாக வரும். அது வேண்டாம் என்று நினைத்தேன்.

"நீங்க எறங்கிப் பொழைச்சிருந்தாலும் டாக்டர் அதே வாய்க்காலைத் தாண்டித்தானே வரணும்? வந்திருந்தாலும் நான் செஞ்சதைத்தான் செஞ்சிருப்பார். அதுக்கு மேல அவர் பையிலயும் ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல இல்ல."

அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. அப்போது கேட்டேன்: "அவ கடைசியா சொன்னதை ஒங்க அம்மா ஒங்களுக்குச் சொன்னாங்களா?"

"எதுவும் சொல்லல."

மாமியார் ஏன் சொல்லாமல் விட்டாள் என்று எனக்குத் தெரியாது. மறந்திருக்கலாம். மகன் மேலும் அழுவான் என்று நினைத்திருக்கலாம். இப்போது அவளும் இல்லை.

"உங்களத்தான் கேட்டா. இன்னும் வரலயான்னா. மழையில போயிருக்கார்னு சொன்னேன். 'வெள்ளத்துல எறங்கிடப் போறாரும்மா. அவரு மொரடு. யாரயாச்சும் அனுப்பி எறங்க வேணாம்னு சொல்லுங்க. புள்ளைக்கி அவரு வேணும்'னு சொன்னா. ஆளை அனுப்பினேன். அவன் உங்களைக் கண்டுபிடிச்சானோ என்னவோ."

"யாரும் வரல" என்றார் கோவிந்தசாமி.

"ஆள் வரலைன்னாலும் நீங்க அவ சொன்னதைத்தான் செஞ்சிருக்கீங்க."

அவர் அழுததை நான் எழுதப் போவதில்லை. ஒரு ஆண் அப்படி அழுது நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என் தொழிலில் ஆண்கள் எப்போதும் கதவுக்கு வெளியே இருப்பவர்கள். அவர்களுக்கு உள்ளே என்ன நடந்தது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. ரெஜினா, நீ இனிமேல் சொல்லு. எத்தனை அவசரம் இருந்தாலும் வாசலில் நிற்பவனைக் கூப்பிட்டு, அவள் என்ன பேசினாள் என்பதை நீயே நேரில் சொல்லு.

படையல் அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். கூடத்தில் கலசம் வைத்து, அரக்குச் சேலை கட்டி, பக்கத்தில் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதிரசம், சுழியம், கருவாட்டுக் குழம்பு. கருவாட்டுக் குழம்பு அவளுக்கு உயிர் என்று கோவிந்தசாமிதான் முதல்நாள் சொன்னாராம். அஞ்சலை கற்பூரம் ஏற்றித் தட்டைக் கையில் எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டாரும் எழுந்து நின்றார்கள்.

தேவகி கும்பிடாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, "ஏம்பா, அம்மா எதுக்குப்பா இப்டி வாய இஸ்துகினு கீது?" என்று கேட்டாள்.

கூடத்தில் எல்லாரும் கோவிந்தசாமியைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பல்லுக்குத்தான். கல்யாணத்தன்னிக்கி ஒரு பொடியன் அதச் சொல்லிக் கிண்டல் பண்ணிட்டான். அதுலேருந்து அப்டித்தான் சிரிக்கும். ஆனா ஏரியில குளிக்கறப்ப மறந்துடும். நல்லாச் சிரிக்கும். ஒருதடவ இன்னா ஆச்சின்னா..."

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஏரி, ஒரு எருமை, அடித்துக்கொண்டு போன புடவை என்று கதை நீண்டுகொண்டே போயிற்று. தேவகி அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, "அப்பறம்?" என்றாள். யாரோ, "நேரமாவுது, கற்பூரத்தக் காட்டுங்க" என்று முணுமுணுத்தார்கள்.

தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. அஞ்சலை யாரையும் கூப்பிடவில்லை. மடியிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்துத் தட்டில் வைத்து, ஏற்றாமல், அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றாள்.